எடை அப்படியே இருக்க, சத்துக் குறைபாடு எப்படி?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. இரைப்பையில் புற்றுநோய். கீமோவுக்காக வார்டில் சேர்த்திருக்கிறோம். உயரம் 165 செ.மீ. ஆறு மாதத்துக்கு முன் 64 கிலோ இருந்தார், இப்போது 62. வயிறு உப்பி, கால் வீங்கியிருக்கிறது. டயட்டீஷியன் வந்து கையை டேப்பால் அளந்து 21.5 செ.மீ. என்று குறித்துக்கொண்டு, 'கடுமையான சத்துக் குறைபாடு' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். இரண்டு கிலோதானே குறைந்திருக்கிறது? இரத்தத்தில் உள்ள புரதத்தைப் பார்க்கும் ஆல்புமின் டெஸ்ட்கூடப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்?

பதில்: டயட்டீஷியன் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அந்த 62 கிலோவில் அப்பா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோ. வயிற்றிலும் காலிலுமாக ஆறு லிட்டர் தேங்கியிருப்பதாக வைத்துக்கொண்டால் உண்மையான எடை 56தான். அதாவது ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ, 12 சதவீதத்துக்கும் மேல் போயிருக்கிறது. 5 சதவீதம் குறைந்தாலே நாங்கள் கவனிப்போம். 10ஐத் தாண்டினால் கடுமையான குறைபாடு. வேடிக்கை என்னவென்றால், 56 கிலோவுக்குக் கணக்குப் போட்டாலும் பி.எம்.ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 20.6 வரும், அது 'நார்மல்'தான். பி.எம்.ஐயை மட்டும் பார்த்தால் இப்படிப்பட்டவர்கள் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

அதனால்தான் டேப். நீர் கீழ்நோக்கித்தான் இறங்கும்: நடமாடுகிறவருக்குக் காலில், படுத்தே இருப்பவருக்கு இடுப்புக்குப் பின்னால். மேல்கை பெரும்பாலும் தப்பிக்கும். தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் புள்ளி வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோலை அழுத்தாமல் சுற்றி அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுகிறோம். டிரிப்ஸ் ஏறி வீங்கிய கையிலும், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையிலும் அளக்கக் கூடாது. கெண்டைக்கால் சுற்றளவும் நல்ல அளவுதான், ஆனால் வீங்கிய காலில் அதை நம்ப முடியாது.

ஒரே ஓர் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கும் உடன்பாடில்லை. அடுத்த வாரமும் அதே கையில், அதே புள்ளியில் அளந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடி வலுவைப் பார்க்கும் கருவி இருந்தால் அதையும் கேளுங்கள். ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் குறைந்தால் தசை பலவீனம் என்று ஆசிய நாடுகளில் எடுத்துக்கொள்கிறோம். நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. அப்பாவின் நெற்றிப்பொட்டு குழி விழுந்திருக்கிறதா? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னால், நடுவில் புடைக்க வேண்டிய சதை பள்ளமாக இருக்கிறதா?

ஆல்புமின் பார்க்காததைக் குறையாக நினைக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தாலே அது இறங்கிவிடும், புற்றுநோயில் அழற்சி சகஜம். சத்தைக் கணக்கிட அதை இப்போது நாங்கள் நம்புவதில்லை.

பழைய ஓ.பி. சீட்டில் எழுதியிருக்கும் எடையைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்று நீரை எடுத்தால், எடுத்த பிறகு ஒருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள். தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று எழுதி வையுங்கள்; பாதிக்கு மேல் திரும்பிப் போனால் அன்றே சொல்லுங்கள்.

'சத்தாகக் கொடுத்தால் கட்டி வளரும்' என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. பட்டினி போட்டால் தசைதான் கரையும், தசை கரைந்தவருக்குக் கீமோவின் பக்க விளைவுகளும் கூடும். வெறும் அரிசிக் கஞ்சியில் புரதம் மிகக் குறைவு. அவருக்கு நாளொன்றுக்கு 65 முதல் 85 கிராம் வரை தேவைப்படலாம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். எனவே பாசிப்பருப்பு, முட்டை, தயிர், பால் பவுடர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளைக்குப் பிரித்துக் கொடுக்கலாம். உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்தாறு நாளாக எதுவுமே இறங்கவில்லை என்றால் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலையில் முதல் சில நாள் எவ்வளவு கொடுப்பது என்பதை வார்டு டாக்டரும் டயட்டீஷியனும்தான் முடிவு செய்ய வேண்டும்.