தாழிக்குள் கிடக்கும் கரிக்கு என்ன வயது?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தென்னைக்குக் குழி எடுத்தபோது கருப்பு-சிவப்புத் தாழி ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே கரித்துண்டுகளும் கருகிய தானியமும் தெரிகின்றன. தாழியைக் கார்பன் சோதனைக்குக் கொடுத்தால் வயது தெரியுமா?

பதில்: தாழியின் வயது தெரியாது, தானியத்தின் வயது தெரியும். உயிருள்ள பயிர், தானாகச் சிதையும் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனைக் காற்றிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கும். அறுத்தவுடன் வரவு நின்றுவிடும். இருப்பு 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். சுட்ட மண்ணுக்கும் கல்மணிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கரியைவிடத் தானியமே மேல். மரத்தில் புதுக் கார்பன் சேர்வது வெளிவளையத்தில் மட்டும்தான். 150 வயது வன்னி மரத்தின் வைரப்பகுதிக் கரி, தீ மூட்டிய நாளுக்கு 150 ஆண்டு வரை முந்தைய காலத்தைக் காட்டும். பழைய உத்தரத்தை எரித்திருந்தால் இன்னும் பின்னே போகும். நெல்லும் கம்பும் ஒரே பருவத்துப் பயிர்கள் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. கார்பன் 14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏஎம்எஸ் முறைக்குச் சில மில்லிகிராம் போதும். பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் ஈமக்குழியின் நான்கு கால் ஜாடிக்குள் இருந்த நெல்லைத்தான் இப்படிக் கணித்தார்கள்.

தோண்டுவதை உடனே நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலம் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். தாழியைக் கழுவாதீர்கள், உள்மண்ணைக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட தானியத்தைச் சுத்தமான இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதியுங்கள். பஞ்சும் காகிதமும் வேண்டாம், அவையும் கார்பன்தான். ஆழத்தை அளந்து பொதியின் வெளிப்பக்கம் எழுதுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

அதைவிட மோசமானது வேர். 2500 ஆண்டுப் பழைய மாதிரியில் 10 சதவீதம் இன்றைய வேரின் கார்பன் கலந்தால், வயது ஏறத்தாழ 290 ஆண்டு குறைந்து தெரியும். அதனால்தான் ஆய்வகத்தில் முதலில் உருப்பெருக்கியின் கீழ் வேரைப் பொறுக்கி எடுத்து, பிறகு அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று கழுவுகிறார்கள்.

கேள்வி: ஒரு கார்பன் சோதனை அறிக்கையில் ‘2450±30’ என்று பார்த்தேன். அப்படியென்றால் கி.மு. 500-தானே? (ஈரோடு வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். இந்த எண் 1950-ஐ ‘இன்று’ என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுவது; ±30 என்பது அளவீட்டுப் பிழை. காற்றின் கார்பன் 14 அளவு காலந்தோறும் மாறியதால், மரவளையங்களை வைத்து வரைந்த கோட்டோடு ஒப்பிட்ட பிறகே ஆண்டு கிடைக்கும். அந்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அதனால் 2450±30 என்பது ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். கருவியை எவ்வளவு கூர்மையாக்கினாலும் இந்த அகலம் பெரிதாகக் குறையாது. பொருந்தல் நெல்லுக்குச் சொல்லப்படும் கி.மு. 490, 450 என்ற ஆண்டுகளும் இந்தத் தட்டைக்குள்தான் இருக்கின்றன. கொடுமணல் போன்ற அகழாய்வு நடந்த பழைய ஊர்களின் தொடக்கம் பற்றிய விவாதத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி கிடையாது. ஒற்றை மாதிரியை நம்பாமல், ஒரே குழியில் கீழடுக்கிலிருந்து மேலடுக்கு வரை ஐந்தாறு தானிய மாதிரிகள் எடுத்து, அடுக்கு வரிசையோடு சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி சுருங்கும்.