‘திரும்பிவிட்டார்கள்’ என்று எண்ணிச் சொல்வது யார்?

கேள்வி: போர் நடந்த நாடுகளில் “இத்தனை லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள், இத்தனை லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள்” என்று செய்தி வருகிறதே, இதை யார், எப்படி எண்ணுகிறார்கள்? நம்பலாமா?

பெரும்பாலும் யாரும் தலையை எண்ணுவதில்லை. கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

ஈராக் தரவுகளைச் சரிபார்க்கும் ஒப்பந்த வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். சிங்கப்பூர் பாய லேபாரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடிதான், ஈராக் மண்ணை மிதித்தது கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வளர்ந்தவனுக்கு இந்த வேலை சட்டென்று பிடிபடாது. இங்கே வீடு மாறினால் 28 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவித்தாக வேண்டும், 2000ஆம் ஆண்டிலிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பே பதிவேடுகளை வைத்துத்தான் நடக்கிறது. ஒரே ராத்திரியில் காலியான ஊருக்கு ஏது பதிவேடு?

புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு, அதாவது ஐஓஎம், 2004இல் ஈராக்கில்தான் இடப்பெயர்வைப் பின்தொடரும் இந்த முறையைத் தொடங்கியது. இப்போது சூடான், தென் சூடான் என்று பல நாடுகளில் நடக்கிறது. கள ஆட்கள் ஊர் ஊராகப் போய் விவரம் தெரிந்தவர்களைப் பிடிப்பார்கள். ஈராக்கில் பெரும்பாலும் அது முக்தார், அதாவது ஊர்த்தலைவர், யாழ்ப்பாணத்தார் சொல்லும் விதானையார் மாதிரி. வெளியிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பம் எத்தனை, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், வாடகை வீடா கூடாரமா கட்டி முடிக்காத கட்டடமா, ஓடிப்போனவர்களில் திரும்பிய குடும்பம் எத்தனை, இவைதான் கேள்விகள். அவர் சொல்லும் குடும்ப எண்ணிக்கையை ஆறால் பெருக்குவார்கள், ஈராக்கில் சராசரிக் குடும்பத்துக்கு ஆறு பேர் என்ற கணக்கில். நீங்கள் செய்தியில் பார்க்கும் லட்சங்கள் பிறப்பது அந்தப் பெருக்கலில். (முகாம் என்றால் பெயர்ப் பட்டியல் இருக்கும், அது வேறு கதை.)

முக்தார் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுப்பதில்லை. நிவாரணம் கூடுதலாக வரட்டும் என்று ஏற்றிச் சொல்பவர் உண்டு, பயந்து ஒதுங்கி வாழும் குடும்பம் கணக்கில் விழாமல் போவதும் உண்டு. அதனால் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் கேட்பார்கள், சில மாதம் கழித்து அதே ஊருக்கு மறுபடி போவார்கள், எண் திடீரென்று குதித்தால் எங்கள் பக்கமிருந்து போன் போகும்.

நான் சொதப்பியதையும் சொல்கிறேன். வட ஈராக்கில் இருக்கும் சிஞ்சார் என்பது அரபுப் பெயர், குர்து மொழியில் அதே இடம் ஷிங்கால். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் இப்படி இரண்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்துக்கூட்டல். ஒரு ஊர் இரண்டு பெயரில் இரண்டு வரியாக வந்திருந்தது, இடக்குறியீட்டு எண்ணைப் பார்க்காமல் இரண்டையும் தனித்தனி ஊராகவே விட்டுவைத்துவிட்டேன். நூற்றுச் சொச்சம் குடும்பம் இரண்டு தடவை திரும்பிவிட்டது! மோசூலில் இருந்த மேற்பார்வையாளர்தான் பிடித்தார். திட்டவில்லை, “அந்த ஊரில் அத்தனை வீடே கிடையாதே” என்று மட்டும் சொன்னார்.

சரி, நம்பலாமா? எண் எந்தத் திசையில் போகிறது என்பதை நம்புவேன், கடைசி இலக்கத்தை நம்ப மாட்டேன். ஆனால் என்னைக் குடைந்தது எண் அல்ல, ‘திரும்பியவர்’ என்ற சொல். ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் காலத்தில், 2014 முதல் 2017 வரை, ஈராக்கில் சுமார் 60 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் 48 லட்சத்துக்கும் மேல் திரும்பிவிட்டதாகக் கணக்கு. அந்தக் கணக்கில் திரும்புவது என்றால் சொந்த ஊருக்கு வருவது. சொந்த வீட்டிலா, சித்தப்பா வீட்டு மொட்டைமாடியிலா என்பது அந்த எண்ணில் தெரியாது. அப்பா மட்டும் கடையைத் திறக்க ஊருக்குப் போய், அம்மாவும் பிள்ளைகளும் டுஹோக் முகாமிலேயே இருந்தால் அந்தக் குடும்பம் எந்தக் கட்டத்தில் விழும்? இதையெல்லாம் பிடிக்கத்தான் அப்புறம் தனியாக ஒரு குறியீடு கொண்டுவந்தார்கள், வீடு, வேலை, தண்ணீர், மின்சாரம், பாதுகாப்பு என்று 16 அளவுகோல்கள். அது செய்தித் தலைப்புக்கு வருவதே இல்லை.

என் மனைவியின் பெரியம்மா முல்லைத்தீவு, கேப்பாப்புலவுக்காரர். 2009இல் இலங்கைப் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் ஃபார்ம் முகாமில் அடைபட்டவர். 2012 செப்டம்பரில் முகாமை மூடியபோது கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு ஆட்களும் உண்டு. ஊர்க் காணி ராணுவத்தின் கையில் இருந்ததால் அவர்களைச் சீனியாமோட்டையில் கொண்டுபோய் விட்டார்கள், அந்த இடத்துக்கும் ‘கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம்’ என்றே பெயர். காணி கேட்டு 2017இல் அந்தச் சனம் ரோட்டோரம் உட்கார்ந்ததைப் படித்திருப்பீர்கள்.

போன வருடம் பேரப்பிள்ளையைப் பார்க்க ஈசூன் வந்திருந்தார். எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார், நான் என்ன வேலை பார்த்தேன் என்று. வரையறையை வாசித்துக் காட்டினேன்.

“அப்ப நானும் திரும்பின ஆள்தான்,” என்றார். “மீள்குடியேறினவை எண்டுதான் எங்களையும் எழுதி வச்சவங்கள். என்ர கிணறு வேலிக்கு அங்கால நிண்டது, தம்பி. எட்டிப் பாத்தா தெரியும்.”

கீரைக் காம்பை ஒதுக்கி வைத்துவிட்டு, “அங்க ஈராக்கிலயும் விதானைமார் இப்பிடித்தானோ எழுதுறவை?” என்று கேட்டார்.