மகளின் சேவையும் இரண்டு அரியர்களும்

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டம், பரீட்சை நேரத்தில் பார்வையற்ற மாணவிகள் சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் ஸ்கிரைப் வேலை, சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம். ‘ஊருக்கெல்லாம் ஓடுறா, தனக்காக எப்ப ஓடுவா?’ என்று எழுதியிருந்தீர்கள். கூடவே இரண்டு அரியர். உங்கள் பயம் நியாயமானது.

ஆனால் அவளை நிறுத்தச் சொல்லாதீர்கள். செலவாகும் நேரத்துக்குக் கணக்கு எழுதச் சொல்லுங்கள்.

என்.எஸ்.எஸ். கேட்பது ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அதோடு ஏழு நாள் முகாம். வாரக் கணக்கில் பார்த்தால் மூன்று மணி நேரம்கூட வராது. இதனால் மட்டும் யாருக்கும் அரியர் விழாது. யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வராது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிகிறது. போன இரண்டு தாளும் கணக்குப் பாடம் என்கிறீர்கள். அது கை ஓட ஓடத்தான் வரும். சேவைக்குப் போகும் நாளில் ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கினால் வருகைப்பதிவு தப்பிக்கும், அன்று வகுப்பில் போட்ட கணக்கு அவளுக்குப் போனது போனதுதான். அரியர் முடியும்வரை காலையில் ஒரு மணி நேரம் கணக்குக்கென்று இருக்கட்டும். அந்த நேரத்தில் போன் உங்களிடம் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன செய்தாள் என்று ஒவ்வொரு நாளும் இரண்டு வரி. சான்றிதழ்க் கட்டோடு என்னிடம் வரும் பிள்ளைகள் பலரிடம் ‘நீ என்னம்மா செய்தாய்?’ என்று கேட்டால் ‘சோஷியல் சர்வீஸ் சார்’ என்பார்கள், அதற்கு மேல் பேச்சு வராது. ‘எட்டு மாதம் ஒன்பது பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன், இரண்டு பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், காரணம் இது’ என்று சொல்லும் பெண்ணைத்தான் நேர்முகத் தேர்வில் நிமிர்ந்து பார்ப்பார்கள். உங்கள் மகளும் அப்படி நடுவில் நின்றுபோகும் பிள்ளைகளையும் நோட்டில் எழுதட்டும். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் எதை விட முடியும், எதை விடவே முடியாது என்று அவளுக்கே தெரியும்.

விட முடியாதது பிள்ளைகள்தான் என்றால் வழி ஆசிரியர் வேலை. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: தமிழ்நாட்டில் பி.காம். மட்டும் முடித்துவிட்டு பி.எட். சேர முடியாது, எம்.காம். வேண்டும். குடும்பங்களோடும் நோயாளிகளோடும் நிற்பதுதான் பிடிக்கிறது என்றால் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பு. அதற்கு எந்தப் பட்டமும் போதும். எழும்பூரில் 1952 முதல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது, தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் போய் வரலாம். களப்பணி அந்தப் படிப்பிலேயே ஒரு பாகம். மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு, தொண்டு நிறுவனங்கள் என வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு, பல இடங்களில் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதைத் தெரிந்துகொண்டே அவள் முடிவு செய்யட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது தன்னார்வலர்களும் கரையில் நின்று வாளியால் அள்ளினார்கள். நம் பக்கத்தில் இப்படி எதுவும் நடந்தால் உங்கள் மகள் முதல் ஆளாகப் போவாள். போகட்டும். கையுறை, பூட்ஸ், கூட யார் வருகிறார்கள், வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதை மட்டும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் பாடம் எடுக்கும் இடத்தில் அரை மணி நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள், அம்மா. எதுவும் சொல்ல வேண்டாம். அரியர் தேர்வு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்க்க வாருங்கள். நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.