‘அவர்கள்’ என்பது ‘நாம்’ ஆகும் இடம்

நெருக்கடிக்கால உரைகளில் தலைவர்கள் ‘நாம்’, ‘அவர்கள்’ போன்ற பிரதிப்பெயர்களால் எவ்வாறு அடையாளத்தைக் கட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு மசூதிகளில் நடந்த துப்பாக்கிச்சூடு 51 பேரின் உயிரைப் பறித்தது. அன்றே பேசிய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், பாதிக்கப்பட்டோரில் பலர் குடியேறிகளாகவோ அகதிகளாகவோ இருக்கலாம் என்று சொல்லி, ‘அவர்கள் நாமே’ என்றார். ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள்தான். ஆனால், எளிதில் அந்நியராகப் பார்க்கப்படக்கூடிய மக்களை அவை நாட்டின் உள்ளே அமர்த்தின, அடுத்த வாக்கியமோ சுட்டவனை அதற்கு வெளியே நிறுத்தியது. நான்கு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் அவன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்று அவர் அறிவித்ததும் இதன் தொடர்ச்சியே.

ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை, கேட்பவரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்பதைக் காட்டாது. தமிழோ நாம், நாங்கள் என்று பிரித்தே வைத்திருக்கிறது. அந்த வாக்கியத்தை ‘அவர்கள் எங்களைச் சேர்ந்தவர்கள்’ என்று மொழிபெயர்த்தால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முஸ்லிம் குடும்பம் மீண்டும் வெளியே போய்விடும்.