அமெரிக்காவில் வீடும் நாயும் பார்த்துக்கொள்வது: முதலில் விசா

ஐயா, ஓய்வுக்குப் பின் நீங்களும் அம்மாவும் பிறர் வீட்டைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே இலவசமாகத் தங்கி ஊர் சுற்ற நினைப்பது மகிழ்ச்சி. ஆனால் பி2 எனும் சுற்றுலா விசாவில் அமெரிக்கா போய், இலவசமாகத் தங்குவதற்காக முன்பின் தெரியாதவர் வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். பணம் கைமாறாவிட்டாலும் தங்குமிடத்தையே கூலியாக அதிகாரிகள் கருதலாம். விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. கேட்டால் பொய் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அடுத்த விசாவுக்கும் அது ஆபத்து.

இதை முதலில் நம் நாட்டிலேயே, பெங்களூரு, புனே பக்கம் தொடங்குங்கள். நாயின் அவசரச் சிகிச்சைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். அப்புறம், பாசத்தில் நாய்க்கு மிச்ச சாம்பார் வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.