மகனுக்கு வந்த ஸ்பீடிங் பாயிண்டை அப்பா வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறோம். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்கூட ஆகாத 18 வயது மகன், மணிக்கு 30 மைல் வரம்புள்ள சாலையில் வேகமாகப் போய் கேமராவில் மாட்டிவிட்டான். கார் என் பெயரில். லைசென்ஸில் பாயிண்ட் (தண்டனைப் புள்ளி) ஏறினால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? நான்தான் ஓட்டினேன் என்று எழுதிவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம். பின்னாளில் அமைச்சரான கிறிஸ் ஹியூன், 2003-ல் மாட்டிய ஸ்பீடிங் பாயிண்டைத் தன் மனைவியின் தலையில் கட்டினார். விஷயம் வெளியே வந்து 2013-ல் இருவருக்கும் ஆளுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை. வெறும் மூன்று பாயிண்டுக்கு! யார் ஓட்டியது என்று கேட்டு வந்த கடிதத்தில் மகன் பெயரை எழுதி 28 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

வேகம் வரம்பை ரொம்பத் தாண்டவில்லை என்றால் ஸ்பீட் அவேர்னஸ் கோர்ஸுக்கு (வேகத்தின் ஆபத்தைச் சொல்லித்தரும் வகுப்பு) வாய்ப்பு தருவார்கள். தந்தால் யோசிக்காமல் எடுக்கச் சொல்லுங்கள், பாயிண்டே ஏறாது. தராவிட்டால் 100 பவுண்ட் அபராதம், 3 பாயிண்ட்.

அந்த 3 உங்களுக்கு வந்தால் சின்ன விஷயம். மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால்தான் நமக்கெல்லாம் தடை. டெஸ்ட் பாஸ் செய்த முதல் இரண்டு ஆண்டில் இருப்பவருக்கோ 6 வந்தாலே லைசென்ஸ் ரத்து. லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ கடிதம் போட்டுவிடும், அவ்வளவுதான். அப்புறம் எல் போர்டு, தியரி, பிராக்டிகல் எல்லாம் முதலிலிருந்து. தப்பு நடந்த தேதிதான் கணக்கு என்பதால், வழக்கை இழுத்தடித்து இரண்டு ஆண்டைத் தாண்டிவிடலாம் என்பதும் நடக்காது.

ஆறு எவ்வளவு சுலபமாகச் சேரும் என்று பாருங்கள். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் ஒரே அடியில் 6. தேய்ந்த டயருக்கு ஒவ்வொன்றுக்கும் 3; முன்னால் இரண்டும் மொட்டை என்றால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் மகளுக்கு நான் காட்டிக்கொடுத்த வழி: 20 பென்ஸ் நாணயத்தை டயர் பள்ளத்தில் செருக வேண்டும். நாணயத்தின் வெளி விளிம்புப் பட்டை வெளியே தெரிந்தால் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருக்கலாம், உடனே கடைக்குப் போக வேண்டும். பழைய கார் வாங்கிக் கொடுக்கும் அப்பாக்கள் இன்ஜினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்க்க மாட்டார்கள்.

சரி, இன்சூரன்ஸ். ஸ்பீடிங் பாயிண்ட் லைசென்ஸில் 4 ஆண்டு இருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பது 5 ஆண்டுக் கணக்கு. (18 வயதுக்கு முன் தண்டிக்கப்பட்டிருந்தால் இரண்டரை ஆண்டுதான்.) முதல் ஸ்பீடிங் 3 பாயிண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே நாலு இடத்தில் விலை கேளுங்கள். போன், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது போன்றவைதான் விலையைத் தாறுமாறாக ஏற்றும். சில கம்பெனிகள் பாலிசியே தராது. மறைத்தால் இன்னும் மோசம்: விபத்து நடந்த அன்று பாலிசி செல்லாது என்பார்கள்.

கார் உங்கள் பெயரில் என்றீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் தினமும் ஓட்டுவது மகன் என்றால், பாலிசியில் முதன்மை ஓட்டுநர் அவனாக இருக்க வேண்டும். விலை குறையட்டும் என்று அப்பா பெயரைப் போடுவது நம் ஆட்களிடமும் சகஜம். சட்டப்படி அது மோசடி.

பாயிண்ட் ஏறிவிட்டால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். புதுப்பிக்கும்போது சொன்னால் போதும் என்னும் கம்பெனிகளும் உண்டு, உடனே சொல்ல வேண்டும் என்னும் கம்பெனிகளும் உண்டு.