மூச்சுச்சிறுகுழாயா, நாடியா?

வணக்கம். திருகோணமலைக் கோணேசபுரியில் சித்த மருத்துவ மாணவர்கள் நுணுக்குக்காட்டியில் சுவாசப்பை வழுக்கியை (இழையத்தின் மெல்லிய வெட்டு ஒட்டிய கண்ணாடித் தகட்டை) பார்க்கும்போது, மூச்சுச்சிறுகுழாயையும் (சுவாசப்பைக்குள் காற்று போகும் நுண்குழாய்) நாடியையும் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) மாற்றிச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எடுத்த எடுப்பிலேயே 40 மடங்குப் பொருளிக்கு (வழுக்கிக்கு அருகே இருக்கும் வில்லைக்கு) போவதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் 4 மடங்கில் கசியிழையத்தை (குருத்தெலும்பை) தேட விடுங்கள். லாட வடிவில் ஒரே துண்டென்றால் வாதனாளி (பெரிய மூச்சுக்குழாய்). சிதறிய தகடுகளென்றால் சுவாசப்பைக்குள் ஓடும் மூச்சுக்கிளைக்குழாய். கசியிழையமும் சுரப்பியும் இல்லாமல், தசைவளையமும் மடிப்பு விழுந்த உட்சுவரும் இருந்தால் மூச்சுச்சிறுகுழாய்.

நாடி அதன் பக்கத்திலேயே ஓடுவதால்தான் இந்தக் குழப்பம். உள்ளே செங்குருதிக் கலங்கள் கிடப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இழையத்தை வெட்டியெடுக்கும்போது காற்றுக்குழாய்க்குள்ளும் இரத்தம் வழிந்திருக்கலாம். இப்போது 40 மடங்குக்கு மாற்றி உள்வரியைப் பார்க்கட்டும். நாடியில் தட்டைக் கருக்களோடு மெல்லிய ஒற்றைப்படை. சிறுகுழாயில் உயரமான அல்லது கனவடிவக் கலங்கள், பெரும்பாலும் பிசிரோடு (மயிர்போன்ற நுண்ணிழைகளோடு). சரிந்த வெட்டில் ஒற்றைப்படையும் பலபடைபோலத் தெரியும், ஆகவே சுவர் நேராக வெட்டுப்பட்ட இடத்திலேயே முடிவு சொல்லப் பழக்குங்கள்.

சிற்றறைகள் (சுவாசப்பையின் நுண் காற்றுப்பைகள்) சுருங்கி ஒட்டிக்கிடக்கும் வழுக்கியைப் புதியவர்களிடம் கொடுக்காதீர்கள், சுவாசப்பை என்றே தெரியாது. படம் மங்கலென்றால் மாணவரைக் குறை சொல்லுமுன் பொருளியைப் பாருங்கள்; நம்மூர் ஈரக்காற்றுக்கு வில்லையில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்.